பதக்கம் போனால் பட்டம் போகுமா?

கேள்வி: சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் 1918இல் ஆங்கிலேயர் கொடுத்த பட்டத்தைத் துறந்தார் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் பட்டமும் தானாகப் போய்விடும்தானே? லண்டன் அரண்மனையில் இதற்கென்றே ஓர் ஆபீஸ் இருக்கிறதாமே, பதக்கம் எண்ண ஓர் ஆபீஸா? வெட்டி வேலை!
– ஒரு வாசகர், தேனி

பதில்: போகாது. ஏன் போகாது என்பது, நீங்கள் வெட்டி வேலை என்று தள்ளிவிட்ட அந்த ஆபீஸைப் பார்த்தால்தான் புரியும்.

அதன் பெயர் 'சென்ட்ரல் சான்சரி ஆஃப் தி ஆர்டர்ஸ் ஆஃப் நைட்ஹுட்'. 1904இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஏற்படுத்தியது. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில், அரச மாளிகையின் மூத்த அதிகாரியான லார்டு சேம்பர்லினின் பொறுப்பில் நடக்கிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு விருதுக்கும் ஒரு வாசல். 1861இல் வந்த 'ஸ்டார் ஆஃப் இந்தியா'வும் 1878இல் வந்த 'இந்தியன் எம்பயர்' விருதும், லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த இந்தியா ஆபீஸின் கையில். குடியேற்ற நாடுகளில் வேலை பார்த்தவர்களுக்கான விருது காலனி ஆபீஸில். 1725இல் தொடங்கிய 'பாத்' விருதுக்குத் தனி அதிகாரிகள். எட்வர்டோ யார் எந்தப் பதக்கத்தை எங்கே குத்தியிருக்கிறார் என்று கூர்ந்து பார்க்கிறவர். இப்படிச் சிதறிக் கிடந்ததை அவரால் எப்படிப் பொறுக்க முடியும்? பெரும்பாலானவற்றை ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்தார். 1917இல், உலகப் போரின் நடுவில், பெண்களுக்கும் சாதாரண மக்களுக்கும் கொடுக்கலாம் என்று 'பிரிட்டிஷ் எம்பயர்' விருது வந்தபோது இந்த ஆபீஸின் வேலை பல மடங்கு பெருகியது.

யாருக்கு விருது என்று இவர்கள் தீர்மானிப்பதில்லை. அதற்குக் குழுக்களும் பிரதமர் அலுவலகமும் இருக்கின்றன. பதக்கம் செய்து வாங்குவது, சான்றுப் பத்திரம் எழுதுவது, அரண்மனையில் விழா நடத்துவது, பதிவேட்டில் பெயர் ஏற்றுவது, இவைதான் இவர்கள் வேலை. விழாவுக்கு வருகிறவரின் சட்டையிலோ கோட்டிலோ முன்கூட்டியே ஒரு சின்னக் கொக்கியை மாட்டிவிடுகிறார்கள். அரசர் ஊசியோடு போராட வேண்டாம், பதக்கத்தை அதில் தொங்கவிட்டால் போதும். மேடையை விட்டு இறங்கியதும் கொக்கியைக் கழற்றிக்கொண்டு, பதக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

'ஆர்டர்' என்பதைப் பதக்கம் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். அது ஒரு சபை. விருது பெறுகிறவரை அந்தச் சபையில் ஓர் உறுப்பினராகச் சேர்க்கிறார்கள். பதக்கம் அதன் அடையாளம் மட்டுமே, சில விருதுகளில் அதுகூட அவருக்குச் சொந்தமில்லை. 1348இலிருந்து இருக்கும் 'கார்ட்டர்' விருதைப் பெற்றவர் இறந்தால் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும். பேட்ஜையும் நட்சத்திரத்தையும் நெருங்கிய ஆண் உறவினர் நேரில் போய் அரசர் கையிலேயே கொடுப்பது வழக்கம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்கு 1965இல் 'பிரிட்டிஷ் எம்பயர்' விருதின் ஒரு நிலையான எம்.பி.இ. கிடைத்தது. அந்தப் பதக்கம் அவரை வளர்த்த பெரியம்மா மிமியின் வீட்டில்தான் இருந்தது. 1969 நவம்பரில் அதை அங்கிருந்து வாங்கி, நைஜீரியா–பயாஃப்ரா போரில் பிரிட்டன் தலையிட்டதையும் வியட்நாமில் அமெரிக்காவை ஆதரித்ததையும் கண்டித்துக் கடிதம் எழுதி, பக்கிங்ஹாம் அரண்மனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். பதக்கம் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைப் பெட்டகத்துக்குப் போனது. விருதோ அவர் பெயரிலேயே நிற்கிறது. பெற்றவர் திருப்பி அனுப்பினால் வந்து சேருவது உலோகம் மட்டும்தான். பெயரை அழிக்க அரசர்தான் உத்தரவிட வேண்டும். அப்படி உத்தரவிட்டால், நியமனம் ரத்து, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் என்று அரசிதழான 'லண்டன் கெசட்'டில் அறிவிப்பு வரும். 2008இல் ஜிம்பாப்வே அதிபர் முகாபேயிடமிருந்து 'பாத்' விருதைப் பறித்தார்கள். அவர்களாகப் பறிக்கலாம், நாமாக உதற முடியாது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

தாகூரையே பாருங்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு, 1919 மே கடைசியில், 'சர்' பட்டத்திலிருந்து தன்னை விடுவிக்கும்படி வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். அவருக்குக் கிடைத்தது எந்த ஆர்டரிலும் சேராத வெறும் நைட் பட்டம். அதற்கென்று ஒரு பேட்ஜ் வந்ததே 1926இல்தான். ஆக, திருப்பி அனுப்ப அவரிடம் ஒரு பொருள்கூட இல்லை, வார்த்தை மட்டும்தான் இருந்தது.

மதுரையில் பிறந்த நம் மணி ஐயர், அதாவது சுப்பிரமணிய ஐயர், பட்டத்தைத் துறந்ததில் தாகூருக்கும் ஒரு வருடம் முந்தியவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்னி பெசன்ட்டோடு, தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கத்தில் நின்றவர். 1917இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு இந்தியாவின் நிலைமையை எழுதினார். அது பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மாண்டேகுவுக்கும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்கும் பொறுக்கவில்லை, கடிந்துகொண்டார்கள். எழுபத்தைந்து வயது கடந்த மனிதர். 'சர்' என்று போட்டுக்கொள்ள வைத்த, 'இந்தியன் எம்பயர்' விருதின் கே.சி.ஐ.இ. பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் சேர்த்தே வேண்டாம் என்றார். அந்த விருதின் பேட்ஜ் ஐந்து இதழ் கொண்ட சிவப்பு எனாமல் ரோஜா, நடுவில் விக்டோரியா ராணியின் முகம். கழுத்தில் தொங்க வேண்டிய அந்த ரோஜா அவருக்குப் பாரமாகிவிட்டது.

அவர் வேண்டாம் என்று சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் கேள்வியில் 'சர்' போட்டிருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, சென்ற இதழில் நாங்களும் அப்படித்தான் அச்சிட்டோம். இனி இந்தப் பத்திரிகையில் அவர் எஸ். சுப்பிரமணிய ஐயர் மட்டும்தான்.