ரொட்டி, ஜாம், டப்பா திறப்பான்: உலக சினிமா கேள்வி – பதில்

கேள்வி: 'தி பியானிஸ்ட்' (2002) கடைசியில் நாயகனுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுக்கும் ஜெர்மன் கேப்டன் நிஜ மனிதரா? (மதுரை வாசகர்)

பதில்: நிஜ மனிதர்தான். பெயர் வில்ம் ஹோசன்ஃபெல்ட். 1944 நவம்பரில், ஊரே இடிந்து காலியாகிக் கிடந்த வார்சாவில், ஒளிந்திருந்த ஷ்பில்மான் (படத்தின் நாயகனான போலந்து யூதப் பியானோ கலைஞர்) அவர் கண்ணில் பட்டார். என்ன தொழில் என்று விசாரித்துப் பியானோ வாசிக்கச் சொன்னதும் நடந்ததே. ஆனால் படத்தில் வருவது இசையமைப்பாளர் ஷோப்பானின் ஜி மைனர் பல்லாட் என்ற பியானோ இசை. நிஜத்தில் வாசித்தது அவருடைய சி ஷார்ப் மைனர் நாக்டர்ன். சுருதி கலைந்த பியானோ, இரண்டரை வருடம் பழக்கமில்லாமல் அழுக்கேறி விறைத்த விரல்கள். படத்துப் பியானோ அந்த லட்சணத்துக்கு ரொம்பவே நன்றாக ஒலிக்கிறது!

அடுத்த முறை பார்க்கும்போது அந்த வெள்ளரி ஊறுகாய் டப்பாவை விடாமல் கவனியுங்கள். திறக்க வழியில்லாமல் ஷ்பில்மான் கணப்பு அடுப்புக் கம்பியை வைத்துத் தட்டுகிறார். டப்பா கைநழுவி உருண்டு, நீர் ஒழுக, ஒரு பூட்ஸ் காலருகே நிற்கிறது. பிறகு கேப்டன் தரும் பொட்டலத்தில் ரொட்டி, ஜாமோடு ஒரு டப்பா திறப்பானும் இருக்கிறது. அவர் கவனித்திருக்கிறார் என்பதற்கு வசனமே தேவைப்படவில்லை. அவர் விட்டுப்போன கோட்டு குளிருக்கு உதவியது. அதைப் பார்த்து ஜெர்மன்காரன் என்று எண்ணிய போலந்து வீரர்கள் சுட, ஷ்பில்மானின் உயிர் மயிரிழையில் தப்பியது.

ஹோசன்ஃபெல்ட் வேறு சிலரையும் காப்பாற்றியவர். படம் அதைத் தொடவில்லை. 1952-இல் சோவியத் சிறையிலேயே இறந்தார். இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேம் அவரை கௌரவித்தது 2008-இல்தான்.

கேள்வி: 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) படத்தில் விஷவாயுவுக்குப் பதில் தண்ணீர் கொட்டும் காட்சி நம்பும்படி இல்லையே? (சேலம் வாசகி)

பதில்: தண்ணீர் வந்ததில் தவறில்லை. யூதத் தொழிலாளர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர் ஷிண்ட்லரின் பட்டியலில் இருந்த சுமார் 300 பெண்கள் நிஜமாகவே நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸுக்குத்தான் போனார்கள். முகாமுக்குள் சேர்த்துக்கொள்கிறவர்களை முடி வெட்டி, குளிக்கவைத்து, கிருமி நீக்குவது அங்கே வழக்கம். விஷவாயு அறைகள் தனியே இருந்தன. உறுத்துவது, நம்மைப் பதறவைக்க, குளியலறையா விஷவாயு அறையா என்ற குழப்பத்தையே திகில் உத்தியாக்கியது. பட்டியல் தயாரான விதத்திலும் படம் எளிமைப்படுத்துகிறது. ஷிண்ட்லர் சொல்லச் சொல்ல அவருடைய கணக்கர் ஸ்டெர்ன் தட்டச்சு செய்ததல்ல அது. பெயர்களைச் சேர்ப்பதும் அடிப்பதும் பெரும்பாலும் மார்சல் கோல்ட்பர்க் என்ற முகாம் எழுத்தர் கையில் இருந்தது. அவர் லஞ்சம் வாங்கினார் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பென் கிங்ஸ்லி நடித்த ஸ்டெர்ன், பங்கியர், பெம்பர் என்ற வேறு இரு நிஜ மனிதர்களையும் சேர்த்துப் பிசைந்த பாத்திரம்.

கேள்வி: பள்ளியில் திரையிட 'தி பாய் இன் த ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்' சரியாக இருக்குமா? (திருச்சி ஆசிரியை)

பதில்: வேண்டாம். முகாம் தளபதியின் மகனும் உள்ளே இருக்கும் யூதச் சிறுவனும் வேலிக்கு இருபுறமும் நண்பர்களாகும் கதை அது. ஆஷ்விட்ஸுக்கு வந்த அந்த வயதுச் சிறுவர்களில் பெரும்பாலோர் இறங்கிய அன்றே கொல்லப்பட்டார்கள். முள்வேலியில் மின்சாரம் ஓடியது. படத்தில் வருவதுபோல ஓரமாக உட்கார்ந்து விளையாட முடியாது. மாணவர்கள் இதையே வரலாறாக எடுத்துக்கொள்வார்கள். பதிலாகப் பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலின் 'ஓ ர்வுவார் லெஸான்ஃபான்' (1987) போடுங்கள். 1944 ஜனவரி, பிரான்ஸில் ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளி. பொய்ப் பெயரில் மூன்று யூதச் சிறுவர்கள். ரத்தம் கிடையாது. நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ வகுப்புக்குள் வரும்போது ஒரு பையன் தன்னையறியாமல் நண்பன் பக்கம் பார்த்துவிடுகிறான். அந்த இடத்தில் நிறுத்தி, என்ன நடந்தது என்று பிள்ளைகளையே கேளுங்கள்.