ஒரே வீட்டில் இரண்டு தலை, இரண்டு வருத்தம்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் ஒட்டுசுட்டான் பக்கம். வயது 34. இரண்டு வருசமாகத் தலைக்கடி. சொறிந்தால் நகத்துக்குள் மெழுகு மாதிரி ஏறுகிறது. கறுப்புச் சட்டை போட்டால் தோளெல்லாம் வெள்ளை. மாமி இது சூடு என்று சொல்லி, வெள்ளிக்கிழமைகளில் வேப்பெண்ணெய் வைத்துத் தேசிக்காய்ப் புளி தேய்த்து முழுகச் சொல்வா. தயிர், வெந்தயம், செவ்வரத்தம் இலை எல்லாம் பார்த்தாயிற்று. பார்மசியில் ஒரு கிறீம் தந்தார்கள். பூசினால் ஒரு கிழமை நல்லது, பிறகு முந்தினதை விட மோசம். பொடுகுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனால் கச்சான் தோட்டத்தில் ஒரு நாள் கூலி போய்விடும். இதற்கெல்லாம் வந்தாயா என்று டொக்டர் ஏசுவாரோ என்றும் பயம். கைமருந்தோடு சுகமாக்க வழி உண்டா? ஏழு வயது மகனுக்கும் இப்போது உச்சிக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குத்தி அளவில் அதே மாதிரிச் செதில், அந்த இடத்து முடியும் கட்டையாக நிற்கிறது. அவனுக்கும் இதையே பூசலாமா?

முல்லைத்தீவு மாவட்ட வாசகி

பதில்: தங்கச்சி, மகனைப் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் அதிலிருந்தே தொடங்குகிறேன். அவனுக்கு இதில் எதையும் பூசாதீர்கள். வேப்பெண்ணெயும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம், அந்தக் கிறீம் வேண்டவே வேண்டாம். இந்தக் கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பொடுகு பெரும்பாலும் பருவ வயதில், தலைத்தோலில் எண்ணெய் சுரக்கத் தொடங்கிய பிறகு வருவது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு இடத்தில் மட்டும் வட்டமாகச் செதில், அந்த வட்டத்துக்குள் முடி உடைந்து கட்டையாக நிற்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தலைப்படை. பொடுகைப் போல அதுவும் பங்கசால் (பூஞ்சணத்தால்) வருவதுதான். ஆனால் இந்தப் பங்கசு முடியின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் போய் இருந்துவிடும். மேலே பூசுகிற எண்ணெயும் களிம்பும் அங்கே போய்ச் சேராது. வாயால் விழுங்கும் மருந்து, கிறிசியோபல்வின் அல்லது டேர்பினாபின், டொக்டர் பிள்ளையின் நிறையைப் பார்த்துத் தருவார். கிழமைக் கணக்கில் குடிக்க வேண்டிவரும். கிறிசியோபல்வின் தந்தால் பாலோடோ சாப்பாட்டோடோ கொடுங்கள், கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். முடி முளைக்கத் தொடங்கியதும் நிற்பாட்டிவிடாதீர்கள்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்த இடம் வீங்கி, மெத்தென்று சீழ்க்கட்டி மாதிரி ஆகும், பிடரியில் நெறி கட்டும். கட்டி என்று நினைத்து அமுக்கக் கூடாது, கீறக் கூடாது. அதை அப்படியே விட்டால் தழும்பு விழுந்து அந்த இடத்தில் வாழ்நாள் முழுக்க முடி முளைக்காமல் போகலாம். காலத்தோடு மருந்து குடித்த பிள்ளைக்கு முடி திரும்ப வரும். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இது தொற்றும். சீப்பு, தொப்பி, தலையணை, துவாய் எல்லாம் அவனுக்கு வேறாக இருக்கட்டும். மொட்டை அடிக்கத் தேவையில்லை. வீட்டில் பூனையோ நாய்க்குட்டியோ இருந்தால் அதன் மயிர் எங்காவது வட்டமாகக் கொட்டியிருக்கிறதா பாருங்கள், பிள்ளைகளுக்கு அங்கிருந்தும் வரும். அவனோடு ஒரே பாயில் படுக்கிற மற்றப் பிள்ளைகளின் தலையையும் பார்த்துவிடுங்கள்.

எப்படிப் பார்ப்பது? காலை வெயில் வெளிச்சத்தில் பிள்ளையை வாசற்படியில் இருத்தி, சீப்பு நுனியால் வகிடு வகிடாகப் பிரித்துக்கொண்டு போங்கள். தலை முழுக்கப் பரவலாக மஞ்சள் கலந்த எண்ணெய்ச் செதில் இருந்து, முடி முழுசாக இருந்தால் பொடுகு. வட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை தோல் மட்டத்தில் உடைந்த முடிகள், படையின் அடையாளம். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடியோடு ஒட்டிய வெள்ளை மணிகள், ஊதினாலும் தட்டினாலும் விழாமல் நகத்தால் இழுத்தால் மட்டும் வருவது, ஈர். பேன் கடியைப் பொடுகு என்று நினைத்து மாதக்கணக்கில் தயிர் பூசுகிற வீடுகள் எத்தனையோ. பேனுக்கு ஈரத்தலையில் பேன்சீப்புப் போட்டு வாருங்கள். மண்ணெண்ணெய் மட்டும் யார் சொன்னாலும் வைக்காதீர்கள். தோலை எரிக்கும், அடுப்படியில் தீப்பிடிக்கும்.

சரி, இனி உங்கள் தலை. நகத்துக்குள் மெழுகு மாதிரி ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் இது எண்ணெய்ப்பசையான பொடுகு. புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் சிவந்து செதில் விடுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், அங்கேயும் வரும். மலசேசியா என்று ஒரு மதுவம், பங்கசில் ஒரு வகை, எல்லார் தலையிலும் குடியிருப்பது. தலைத்தோலின் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. சிலருடைய தோல் அதைத் தாங்காமல் கடித்து, சிவந்து, வேகமாகச் செதில் விடுகிறது. குளிர் நாளில், நித்திரை இல்லாத நாளில், மனக்கவலை கூடின நாளில் கடியும் கூடும். நீங்கள் ஊத்தையாக இருப்பதால் வந்தது இல்லை, அந்த வெட்கம் வேண்டாம்.

மாமியின் முழுக்கை நான் குறை சொல்லவில்லை. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு வைத்தால் தடித்த செதில் இளகி வரும், அது உண்மையான பலன். இரவிரவாக எண்ணெய் ஊறப்போட்டுப் படுப்பதுதான் பிழை. வேப்பெண்ணெய் சிலருடைய தோலை இன்னும் எரிய வைக்கும். போத்தலைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தயிராலும் வெந்தயத்தாலும் கெடுதல் இல்லை. குளிர்ச்சியாக இருக்கும், கடி கொஞ்ச நேரம் அடங்கும். ஆனால் வெந்தயத்தைச் சரியாக அலசாவிட்டால் காய்ந்த பிறகு அதுவே செதில் மாதிரி உதிரும். செவ்வரத்தம் இலை முடிக்கு வழுவழுப்புத் தரும், பொடுகுக்கு மருந்து இல்லை.

தேசிக்காயை மட்டும் இன்றோடு விடுங்கள். சொறிந்து புண்ணான தோலில் அந்தப் புளி எரிக்கும். அதைத் தேய்த்துவிட்டுக் கச்சான் தோட்டத்தில் வெயிலில் நின்றால் இன்னும் மோசம். சாறு வழிந்த நெற்றியிலும் கழுத்திலும் வெயில் பட்டுக் கொப்புளம் போடும், பிறகு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கீட்டோகொனசோல் 2 வீத ஷாம்பு பார்மசியில் இருக்கும். வயிற்றில் பிள்ளை இருந்தால் முதலில் டொக்டரைக் கேளுங்கள். தலையில் எண்ணெய் இருந்தால் சாதாரண ஷாம்பு போட்டு ஒரு தரம் கழுவுங்கள். பிறகு இதைக் கையில் எடுத்து, முடியில் இல்லை, விரல் நுனியால் தலைத்தோலில் படும்படி பூசி ஐந்து நிமிசம் விட்டு அலசுங்கள். பூசின உடனே கழுவிவிட்டு 'இது வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள்தான் அதிகம். கிழமைக்கு இரண்டு தரம், நான்கு கிழமை. அதன் பிறகு கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ ஒரு தரம். முழுசாக விட்டால் திரும்ப வரும், ஏனென்றால் அந்த மதுவம் தலையை விட்டுப் போவதில்லை. உங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பாக இருந்தால் சவர்க்காரம் தலைக்குப் போடாதீர்கள். நுரைக்காது, வெள்ளைப் படிவாகத் தலையில் தங்கும்.

அந்தக் கிறீம். பூசினால் ஒரு கிழமை நல்லது, பிறகு மோசம் என்கிறீர்கள். பெரும்பாலும் பெற்றாமெதசோன் மாதிரி ஸ்டீரொய்ட் கலந்ததாக இருக்கும். கடியை அடக்கும், காரணத்தைத் தொடாது. டொக்டர் சில நாட்களுக்கு அளவாகத் தந்தால் அது மருந்து. நாமாக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். படை உள்ள இடத்தில் பூசினால் வெளியில் ஆறினது போலக் காட்டி உள்ளே பரவும். மகனுக்கு வேண்டவே வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

நான்கு கிழமை ஷாம்பு போட்டும் குறையாவிட்டால், முடி திட்டுத் திட்டாகக் கொட்டினால், நீர் வடிந்தால் நீங்களும் டொக்டரிடம் காட்ட வேண்டும். வெள்ளிப்பூச்சுப் போலத் தடித்த செதில் முடிக்கரையைத் தாண்டி நெற்றிக்கு வந்து, முழங்கையிலும் முழங்காலிலும் இருந்து, நகத்தில் ஊசி குத்தினது போலக் குழி விழுந்தால் அது சொரியாசிஸ் ஆக இருக்கலாம். காலையில் விரல் மூட்டு விறைத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கூலி போகிற கவலை எனக்கு விளங்குகிறது. அதனால் இரண்டு தரம் அலைய வேண்டாம், ஒரே நாளில் இரண்டு தலையையும் காட்டிவிடுங்கள். புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலையோ மாஞ்சோலை மாவட்ட வைத்தியசாலையோ, எது உங்களுக்கு வசதியோ அங்கே வெளிநோயாளர் பிரிவில் விடியவே துண்டு எடுங்கள். அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. தேவை என்றால் அவர்களே தோல் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். டொக்டர் ஏசுவார் என்று பயப்பட வேண்டாம், பிள்ளையின் தலையைப் பார்த்தால் கொண்டு வந்தது நல்லது என்றுதான் சொல்வார். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து இருவர் தலையிலும் எண்ணெய் வைக்காதீர்கள், செதிலைச் சுரண்டிச் சோதிக்க வேண்டி வரலாம். அந்தக் கிறீம் ரியூபையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.