கையெழுத்துக்கு முன் ஒரு வாரம் மகனைக் கவனித்து எழுதுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது 2 மாதம். இருபது, இருபத்தைந்து சொற்கள் சொல்வான், ஆனால் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவது அபூர்வம். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொள்கிறான், மற்ற பிள்ளைகளோடு சேர்வதில்லை. வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் இருக்கலாம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அவனுக்குத் தனிக் கல்வித் திட்டம் போட வேண்டும் என்று மழலையர் பள்ளியில் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள். சிறப்பு வகுப்புக்கு மாற்றுவது பற்றியும் பேச்சு இருக்கிறது. வீட்டிலோ, "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார், அஞ்சு வயசு ஆகட்டும்" என்கிறார்கள். இரண்டு மொழி பேசுவதால் வந்த குழப்பம் என்றும் ஒருவர் சொன்னார். கையெழுத்துப் போட்டால் அவன்மேல் முத்திரை விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: கூட்டத்துக்குப் போங்கள் அம்மா. அஞ்சு வயசு ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லேட்டாகப் பேசி அப்புறம் சரியாகிவிட்ட குழந்தைகள் உண்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பேச்சு வராத நாட்களிலேயே விரலால் சுட்டிக்காட்டுவார்கள், நாம் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள், பொம்மையைத் தூங்கவைத்து விளையாடுவார்கள், பேச்சு மட்டும்தான் பின்தங்கியிருக்கும். 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்ப்பதும் 4 வயதில் நான்கு சொல் வாக்கியம் பேசுவதும் பெரும்பாலான குழந்தைகள் எட்டிவிடுகிற படிகள். உங்கள் மகன் இன்னும் முதல் படியில் நிற்கிறான், வேண்டியதைச் சுட்டிக்காட்டாமல் உங்கள் கையை ஒரு கருவியைப்போலப் பிடித்து இழுக்கிறான். இது காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை. தானாகவே பேசியிருக்கக்கூடிய குழந்தைக்குப் பயிற்சி கொடுத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, உதவி தேவைப்படுகிற குழந்தைக்குக் கொடுக்காமல் விட்ட வருஷம் போனது போனதுதான்.

அடுத்தது காது. உங்கள் கடிதத்தில் கேட்கும் திறன் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறானே, அப்படியென்றால் நன்றாகக் கேட்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. சில ஒலிகள் கேட்டு, பேச்சுக்குத் தேவையான மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கி, வலியே இல்லாமல், நாம் பேசுவது சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதுபோல மங்கலாகக் கேட்கலாம். பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும். சொன்னபடி உட்கார மாட்டான் என்று கவலை வேண்டாம், ஒலி கேட்டதும் செவி நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கிற பெரா டெஸ்டைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதற்காகக் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டாம், ரிப்போர்ட் வந்ததும் திட்டத்தோடு சேர்க்கச் சொன்னால் போதும்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் பெற்றோர் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர், பள்ளித் தலைமை என்று நாலு பேர் ஆளுக்கொரு ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, நமக்கு என்ன தெரியும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அந்த மேஜையைச் சுற்றி இருப்பவர்களில் உங்கள் பையன் விழித்ததிலிருந்து தூங்குகிறவரை பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அவர்களுடைய பரிசோதனை, புது அறையில், புது ஆளோடு, ஒரு மணி நேரம் அவன் எப்படி இருந்தான் என்பதைத்தான் சொல்லும். அதனால் கூட்டத்துக்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள். எதையெல்லாம் தானாகச் செய்கிறான், எதற்கு உதவி கேட்கிறான், எப்படிக் கேட்கிறான், எந்த நேரத்தில் அழுகிறான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எதைக் கொடுத்தால் பத்து நிமிஷம் அசையாமல் உட்காருகிறான். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள், அவனுக்குப் பிடித்ததை வைத்துத்தான் புதியதைக் கற்றுக்கொடுக்க முடியும். என்னிடம் வந்த ஒரு குழந்தையின் ரிப்போர்ட்டில் 'அடிக்கிற பழக்கம் உண்டு' என்று மட்டும் இருந்தது. அவனுடைய அம்மா எழுதி வைத்திருந்ததைப் புரட்டினால், அடித்தது எல்லாமே ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் திடீரென்று மாற்றியபோதுதான். அடுத்து என்ன என்பதைப் படமாக முன்கூட்டியே காட்ட ஆரம்பித்த பிறகு அடிப்பது வெகுவாகக் குறைந்தது. அந்த ஒரு வரி எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

திட்டத்தில் எழுதுகிற இலக்குகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். 'தகவல் தொடர்பு மேம்படும்', 'சமூகத் திறன் வளரும்' என்று எழுதியிருந்தால் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் யாரும் பதில் சொல்லவும் வேண்டாம். அதற்குப் பதிலாக இப்படி இருக்க வேண்டும்: தண்ணீர், கழிவறை, 'போதும்' இந்த மூன்றையும் சொல்லாலோ படத்தாலோ சைகையாலோ, யாரும் தூண்டாமல், 5 தடவையில் 4 தடவை தானே தெரிவிப்பான், 3 மாதத்துக்குள், பள்ளியிலும் வீட்டிலும். அதற்குப் பக்கத்திலேயே இன்றைய நிலை என்ன என்பதும் இருக்கட்டும், இப்போது 5-க்கு ஒரு தடவைதான் என்றால் அப்படியே எழுதட்டும். யார் கற்றுக்கொடுப்பார், வாரத்துக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம், எண்ணிக் குறித்துவைப்பது யார் என்பதும் வேண்டும். இந்த வயதில் மூன்று, நான்கு இலக்குகள் போதும். இருபது இலக்கு எழுதிய திட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது, இருபதையும் ஒரு ஆசிரியர் எந்த நாளில் செய்வார்? எழுத்து, எண் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேட்கத் தெரிவது, மறுக்கத் தெரிவது, தன் முறை வரும்வரை கொஞ்சம் காத்திருப்பது, கழிவறைக்குப் போவது இவை வந்தால் அவன் நாள் எவ்வளவு லேசாகிவிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் வாயால் பேசவே மாட்டான் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். படமோ சைகையோ பேசும் கருவியோ பேச்சைத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன, பல குழந்தைகளுக்குப் பேச்சு கூடவே வளர்ந்திருக்கிறது. தனக்குள் இருப்பதை வெளியே சொல்ல வழி கிடைத்த குழந்தைக்கு அழுகையும் ஆத்திரமும் பெரும்பாலும் குறையும்.

வகுப்பு விஷயம். 1994-இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 நாடுகளின் அரசுகள் கூடி, சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியில் இடம் வேண்டும் என்று அறிவித்தன. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவும் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற கல்வியை உரிமையாகவே சொல்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் பொது வகுப்பில் ஒரு மூலையில் சும்மா உட்காரவைத்துவிட்டு, சேர்த்துக்கொண்டோம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எனவே எந்த வகுப்பு என்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். மற்ற பிள்ளைகளோடு தினமும் எத்தனை மணி நேரம் இருப்பான், அந்த நேரத்தில் அவனுக்கு உதவ யார் இருப்பார்கள், சத்தம் தாங்காமல் போனால் ஒதுங்க அமைதியான இடம் உண்டா? பொது வகுப்பில் உதவியோடு முயன்று பார்த்தார்களா, பார்க்காமலே மாற்றச் சொல்கிறார்களா? பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே என்பதும் ஒரு வழிதான். இரண்டு வகுப்பையும் நீங்கள் நேரில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

கையெழுத்தைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தத் திட்டம் மாற்றி மாற்றி எழுதுவதற்காகவே இருக்கிற காகிதம். அதில் எழுதியிருப்பது இந்த வருஷம் அவனுக்கு என்ன உதவி என்பதுதான், அவன் யார் என்பதல்ல. அதே சமயம் அங்கேயே, அந்த நிமிஷமே போட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். வந்ததற்கான கையெழுத்தா, சம்மதக் கையெழுத்தா என்று கேளுங்கள். பிரதி ஒன்றை வீட்டுக்கு வாங்கிவந்து படித்துவிட்டுப் போடலாம். ஒரு பகுதி சரி, ஒரு பகுதி சரியில்லை என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், பல இடங்களில் வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று இருக்கும், 4 வயதுப் பிள்ளைக்கு அது போதாது. 3 மாதத்தில் மறுபடி உட்கார ஒரு தேதியைக் குறித்துக்கொண்டுதான் எழுந்து வர வேண்டும். முடிந்தால் அவன் அப்பாவையும், காத்திருக்கச் சொல்கிற பெரியவர் ஒருவரையும் கூட்டிப்போங்கள். நீங்கள் வீட்டில் வந்து விளக்குவதைவிட அவர்களே காதால் கேட்பது நல்லது.

ஏற்கெனவே பேசிய சொற்கள் மறைந்துபோனாலோ, சில விநாடிகள் வெறித்துப் பார்த்துக் கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருந்தாலோ, கூட்டம் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ வருவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இரண்டு மொழிச் சூழலில் வளர்ந்தாலும் அதனால் பேச்சு கெடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் பாடவும் இயல்பாக வருகிறதோ அதிலேயே அவனோடு பேசுங்கள், பயிற்சி தருபவரிடம் அந்த மொழிச் சொற்களையும் எழுதிக் கொடுங்கள், அவன் சொல்கிற இருபத்தைந்தில் எது எந்த மொழி என்று அவருக்குத் தெரிந்தால்தான் சரியாகக் கணக்கு எடுக்க முடியும்.