ஏரிச் சேற்றில் பழைய மழையைத் தேடுவோர்க்கு: கேள்வி-பதில்

கேள்வி: ஏரியில் எந்த இடத்தில் சேறு எடுக்கும் குழாயை இறக்குவது?

ஆழமான நடுப்பகுதியில். கரையோரச் சேறு வறட்சியில் காய்ந்து அரிபட்டிருக்கும். பல நூற்றாண்டுகள் அப்படியே காணாமல் போயிருக்கலாம். பிஸ்டன் குழாயில் மீட்டர் மீட்டராக எடுக்கும்போது துண்டுகள் சேரும் இடத்தில் கொஞ்சம் சேறு தவறும். அருகிலேயே இன்னொரு துளையிட்டு, அதில் அரை மீட்டர் ஆழம் தள்ளித் தொடங்கினால் அந்த இடைவெளி அடைபடும். 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வையுங்கள், உறைய விடாதீர்கள். பனிப்படிகம் மெல்லிய அடுக்குகளைக் குலைத்துவிடும். குழாயைப் பிளந்ததும் முதல் வேலை படம் எடுப்பது. கறுப்பாக இருக்கும் சேறு காற்றுப் பட்டுப் பழுப்பேறி, அடுக்குகள் மங்கிவிடும்.

கேள்வி: மேல்மட்டச் சேற்றுக்கே கார்பன்-14 (சிதைந்து குறையும் அளவை வைத்து வயது சொல்லும் கதிரியக்கக் கார்பன்) பல நூறு ஆண்டு வயது காட்டுகிறதே?

சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து கரைந்து வரும் கார்பனில் கார்பன்-14 துளியும் மிச்சமிருக்காது. நீர்ப்பாசியும் நத்தையும் அதையே எடுத்து வளர்வதால் பொய்யாக வயது ஏறுகிறது. மொத்தச் சேற்றை அனுப்பாமல், சலித்து, கரையில் வளர்ந்த செடியின் இலையையோ விதையையோ பொறுக்கி அனுப்புங்கள். கார்பன்-14 அணுக்களை எண்ணும் முடுக்கி நிறமாலைமானிக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். கடைசி நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு வயது காட்டுவது கதிரியக்க ஈயம்-210. அதைச் சரிபார்க்க அணுகுண்டுச் சோதனைகளால் 1963-ஐ ஒட்டிப் படிந்த சீசியம்-137 உச்சம்.

கேள்வி: ஆண்டுக்கு ஒன்றாகப் படியும் அடுக்குகளை எண்ணினாலே ஆண்டு தெரியாதா?

அடியில் ஆக்சிஜன் இல்லாமல், புழுக்கள் கிளறாத ஏரியில் தெரியும். ஜப்பானின் சுய்கெட்சு ஏரி அடுக்குகள் 2012-ல், சுமார் 50,000 ஆண்டு வரை கார்பன்-14 வயதைத் திருத்த உதவின. ஆனால் ஒரே வெள்ளமும் ஒரு அடுக்கைப் போட்டுவிடும்: கீழே பருமணல், மேலே போகப் போக நுண்களி. அதை ஆண்டாக எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: மழை எந்தப் பருவத்தில் பெய்தது என்று பிரித்தறிய முடியுமா?

ஒற்றை அளவீட்டை நம்பி முடியாது; பலரும் சறுக்குவது இங்கேதான். நிலத்தாவர இலைமெழுகில் 29, 31 கார்பன் கொண்ட நீள் சங்கிலிகள் இருக்கும். இந்த மெழுகு பெரும்பாலும் இலை விரியும் நாட்களில் உருவாவதால், அதன் ஹைட்ரஜன் ஐசோடோப் (எடை வேறுபட்ட ஹைட்ரஜன் அணுக்களின் விகிதம்) அப்போது மண்ணில் இருந்த நீர் எப்படிப்பட்டது என்று சொல்கிறது. நீர்த்தாவரங்களில் 23 கார்பன் போன்ற நடுத்தர நீளச் சங்கிலி மிகுதி. அது ஏரி நீரைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே அடுக்கில் அளந்து ஒப்பிட வேண்டும்.

வித்தியாசம் கூடினால் உடனே பருவம் மாறியது என்று எழுதிவிடக் கூடாது. வடிகாலற்ற ஏரியில் நீர் ஆவியாகும்போது கன ஐசோடோப் தங்கிச் செறியும். மழைப் பருவம் மாறாமலே வித்தியாசம் பெருகும். குளிர்நாடுகளில் குளிர்காலப் பனி உருகி மண்ணில் நின்று, கோடை இலைக்குள் போவதும் உண்டு. புல்லும் மரமும் ஹைட்ரஜனைப் பிரிக்கும் அளவுகூட ஒன்றல்ல. காடு புல்வெளியானாலே எண் நகரும், மழை அப்படியே இருந்தாலும். அதனால் அதே அடுக்கில் குறைந்தது 300 மகரந்த மணிகளை எண்ணித் தாவரம் மாறவில்லை என்று உறுதிசெய்த பிறகே மழையைப் பற்றிப் பேசுங்கள்.