பிஎஸ் செல்டாவில் குரல் வராதது ஏன்

எமுலேட்டரில் (பழைய கேம் மெஷின் போல நடிக்கும் மென்பொருள்) பிஎஸ் செல்டா என்ற நின்டெண்டோ வீடியோ கேம் ஓடுகிறது, கதைசொல்லியின் குரல் மட்டும் வரவில்லை, ஃபைல் கெட்டுப்போச்சா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. அந்தக் குரல் ஃபைலுக்குள் எப்போதுமே இருந்ததில்லை.

இந்த ஆட்டத்தை 1995 ஆகஸ்டில் ஜப்பானில் சாட்டலாவியூ (சூப்பர் நின்டெண்டோ மெஷினோடு இணைக்கும் செயற்கைக்கோள் கருவி) வழியாக வாரம் ஒரு பகுதியாக நாலு வாரம் ஒளிபரப்பினார்கள். ஆட்டம் அந்தக் கருவியின் மெமரி பேக்கில் இறங்கும், குரலும் இசையும் அதே நேரத்தில் செயற்கைக்கோள் ஒலிபரப்பில் வரும், திரையில் ஓடும் கடிகாரம் அந்த நேரத்தோடு ஒட்டியே போகும். அதைத் தவறவிட்டால் மறு ஒளிபரப்பு வந்தால்தான் உண்டு (கரண்ட் போனவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது).

சரி, இப்போதைக்கு ரசிகர்கள் செய்த எம்எஸ்யு-1 பேட்ச் (ஆட்டத்தோடு தனி ஆடியோ ஃபைல்களையும் ஓடவைக்கும் மாற்றம்) தேடுங்கள். ஆடியோ ஃபைல்கள் ரோம் (ஆட்டத்தின் ஃபைல்) இருக்கும் அதே ஃபோல்டரில், அதே பெயரோடு கடைசியில் ட்ராக் எண் சேர்ந்து (பெயர்-1.pcm மாதிரி) இருக்கணும். அப்புறம் ஸ்னெஸ்9எக்ஸ் எமுலேட்டரின் புதிய பதிப்பில் போட்டுப் பாருங்கள்.