சர்க்கரை நோயுள்ள அம்மா ஒருசந்தி இருக்க வேண்டுமா?

குன்னூரில் கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய். தவக்கால ஒருசந்தியை, அதாவது ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பை, விட்டால் கீழ்ப்படியாமை ஆகுமா என்று கேட்கிறீர்கள்.

ஆகாது. கத்தோலிக்கச் சட்டப்படி ஒருசந்திக் கடமை திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான். அதுவும் 18 முதல் 59 வயதுவரை. நோயாளிகளுக்கு விலக்கும் உண்டு.

விவிலியத்தில், கடவுள் அழிக்கச் சொன்னதை மீறிக் கொள்ளையடித்த ஆடுமாடுகளைப் பலிக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று மன்னர் சவுல் சாக்குச் சொன்னபோது, பலியைவிடக் கீழ்ப்படிதலே மேல் என்றார் இறைவாக்கினர் சாமுவேல். வெறும் வயிற்றோடு தேயிலைச் சரிவில் ஏறி மயங்கி விழும்படி யாரும் அம்மாவிடம் கேட்கவில்லை. விவிலியத்தின் எசாயா நூல் 58ஆம் அதிகாரம் கேட்கும் நோன்பு, பசித்தவரோடு உணவைப் பகிர்வது. அது அவரால் முடியும், மாத்திரையும் போட்டுக்கொண்டே.

சரி, இதெல்லாம் நீங்கள் சொன்னால் எடுபடாது. பங்குத்தந்தையிடமே அழைத்துப் போய்விடுங்கள்.