துரோகி என்று கூவ ஆள் இல்லாத இடம்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வட அயர்லாந்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பிராட்டஸ்டன்ட்-கத்தோலிக்க மோதலை முடிக்க வந்த 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுத்தவர், அதைக் கடுமையாக எதிர்த்த பிராட்டஸ்டன்ட் தலைவர் இயன் பெய்ஸ்லிதான் என்று எழுதியிருந்தீர்கள். பள்ளியில் வரலாறு கற்பிக்கும் எனக்கு அந்த வரி உறுத்தலாகவே இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் ஒவ்வொரு சமரசத்தையும் உடைத்தவர் கடைசியில் வந்து கையெழுத்திட்டால், பெருமை அவருக்குப் போய்விடுமா? அப்படியானால் பொறுமையாகப் பேசிப் பேசி வழியமைத்த மிதவாதிகள் எதற்கு? கடும்போக்காளர்களால்தான் சமாதானம் செய்ய முடியும் என்றால், சிங்களம் மட்டுமே என்ற முழக்கத்தோடு ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கவால் 1957இல் ஏன் முடியவில்லை? மாணவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் உறுத்தல் நியாயமானது. அந்த வரியை நான் இன்னும் விரித்து எழுதியிருக்க வேண்டும். பெய்ஸ்லியால் ஏன் முடிந்தது என்பதும், அதற்கான பெருமை யாருக்கு உரியது என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கான விடை அறத்தில் இல்லை, அவர் நின்ற இடத்தில் இருக்கிறது.

பிளவுண்ட சமூகத்தில் எதிரியோடு உடன்பாடு காணப் போகும் தலைவருக்குப் பெரும் ஆபத்து எதிரியிடமிருந்து வருவதில்லை. தன் முதுகுக்குப் பின்னால், தன் மக்களின் நடுவே நின்றுகொண்டு "நம்மை விற்றுவிட்டான்" என்று கூவக்கூடியவரிடமிருந்தே வருகிறது. வட அயர்லாந்தின் பிராட்டஸ்டன்ட் சமூகத்தில் நாற்பது ஆண்டுகள் அப்படிக் கூவியவர் பெய்ஸ்லி. 1967 டிசம்பரில் அயர்லாந்துக் குடியரசின் பிரதமர் ஜாக் லிஞ்ச் வட அயர்லாந்து அரசின் இருப்பிடமான ஸ்டார்மன்டுக்கு வந்தபோது, அவருடைய காரின்மீது ஆதரவாளர்களோடு சேர்ந்து பனியுருண்டைகளை எறிந்தார். 1985இல் பிரிட்டனும் அயர்லாந்தும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டபோது, பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்தில் "ஒருபோதும் முடியாது" என்று அடுத்தடுத்து முழங்கினார். 1988இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் போப்பின் உரைக்கு நடுவே எழுந்து அவரைக் கிறிஸ்துவின் எதிரி என்று கூச்சலிட்டார். சமரசம் பேசிய எந்த ஒன்றியவாதித் தலைவரும் (பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பியவர்களே ஒன்றியவாதிகள்) இந்தக் குரலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒருவரும் தாண்டவில்லை.

1974ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சன்னிங்டேல் ஒப்பந்தத்தின்படி ஒன்றியவாதிகளும், அயர்லாந்தோடு இணைய விரும்பிய கத்தோலிக்கத் தேசியவாதிகளும் சேர்ந்து அமைத்த முதல் கூட்டு நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கியவர் பிரையன் ஃபாக்னர். அவர் மென்மையானவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1971 ஆகஸ்டில் விசாரணையின்றிச் சிறையிலடைக்கும் நடவடிக்கையைக் கொண்டுவந்த பிரதமர் அவரே. இருந்தாலும் அவரைவிடக் கடுமையாகப் பேசப் பெய்ஸ்லியும் மற்றவர்களும் வெளியே இருந்தார்கள். அந்தப் பிப்ரவரியில் நடந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் வட அயர்லாந்தின் 12 இடங்களில் 11 இடங்களை ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் வென்றார்கள். மே மாதம் பிராட்டஸ்டன்ட் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் மின்நிலையங்களை முடக்கியது. இரண்டே வாரத்தில் நிர்வாகம் கவிழ்ந்தது. ஆகவே கடுமையானவராக இருந்தால் மட்டும் போதாது, தன்னைவிடக் கடுமையானவர் யாரும் வெளியே இருக்கக் கூடாது.

அன்றைய பெரிய ஒன்றியவாதக் கட்சியின் தலைவர் டேவிட் ட்ரிம்பிளுக்கும் அதுவே நேர்ந்தது. 1998இல் அவர் ஒப்பந்தத்தை ஏற்றார். வட அயர்லாந்து வாக்காளர்களில் 71 சதவீதம் பேர் அதற்கு ஒப்புதல் தந்தார்கள். ஆனால் அயர்லாந்து இணைப்புக்காக ஆயுதமேந்திய குடியரசுவாத இயக்கமான ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களைக் கைவிடும் முன்பே, அதன் அரசியல் முகமான ஷின் ஃபெயின் கட்சியோடு ஆட்சியில் அமர வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது. 1999 நவம்பரில் அவருடைய கட்சியின் பேரவை அதற்கு 480க்கு 349 என்ற கணக்கில் சம்மதித்தது. சொந்தக் கட்சியில் ஐந்தில் இருவர் நம்பாத தலைவர் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? ஆயுதக் களைவு தாமதமான ஒவ்வொரு மாதமும் பெய்ஸ்லியின் கட்சிக்கு வரவாக அமைந்தது. 2003 தேர்தலில் அக்கட்சி 30 இடங்களோடு ட்ரிம்பிளின் கட்சியை முந்தியது.

கதை திரும்பியது இங்கேதான். முந்தி முடித்த பிறகு பெய்ஸ்லிக்கு வெளியே நிற்க இடம் இல்லாமல் போயிற்று. ஏலத்தில் எப்போதும் ஒரு படி கூட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் பொருளைத் தானே எடுத்தாக வேண்டிய நிலைக்கு வந்தார். ஆட்சி வேண்டுமானால் எதிர்த்தரப்பின் பெரிய கட்சியோடு பகிர்ந்தாக வேண்டும் என்பது ஒப்பந்த விதி. மறுத்தால் லண்டனின் நேரடி ஆட்சி தொடரும், அதில் டப்ளினின், அதாவது அயர்லாந்து அரசின், செல்வாக்கும் கூடும். மறுபக்கம், அவர் மறுத்துவந்ததற்குக் காட்டிய காரணங்கள் ஒவ்வொன்றாக அகன்றன. 2005 செப்டம்பரில் ஐ.ஆர்.ஏ.யின் ஆயுதக் களைவு முடிந்ததாகச் சர்வதேச ஆணையம் அறிவித்தது, ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெத்தடிஸ்ட் போதகரும் அதற்குச் சாட்சியாக நின்றார்கள். 2007 ஜனவரியில் ஷின் ஃபெயின் மாநாடு காவல்துறையை ஏற்பதாக முடிவெடுத்தது. "நான் பிடிவாதமாக இருந்ததால்தான் இவை கிடைத்தன" என்று பெய்ஸ்லி தம் மக்களிடம் சொல்ல முடிந்தது. ட்ரிம்பிள் அதையே சொன்னபோது நம்பாதவர்கள், இவர் சொன்னபோது நம்பினார்கள்.

2007 மார்ச் 26 அன்று பெய்ஸ்லியும் ஷின் ஃபெயின் தலைவர் ஜெரி ஆடம்ஸும் ஸ்டார்மன்டில் முதன்முறையாக ஒன்றாக அமர்ந்தார்கள். பெய்ஸ்லி தரப்பு எதிரெதிராக உட்கார வேண்டும் என்றது, பகைவரோடு பேரம் பேசுவதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆடம்ஸ் தரப்பு அருகருகே உட்கார வேண்டும் என்றது, கூட்டாளிகளாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கடைசியில் மேசைகளைச் சாய்சதுர வடிவில் போட்டு, அதன் முனை ஒன்றில் இருபுறமும் இருவரையும் அமரவைத்தார்கள். பார்க்கிறவர் விருப்பப்படி அது எதிரெதிராகவும் தெரியும், பக்கத்தில் பக்கத்திலும் தெரியும். கைகுலுக்கல் இல்லை. இந்த மேசை அற்பமான விஷயம் என்று நான் நினைக்கவில்லை. இரு தலைவர்களும் பேசியது ஒருவரோடு ஒருவர் அல்ல. தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்க்கப்போகும் தத்தம் மக்களோடுதான் பேசினார்கள். மே 8 அன்று, 81 வயதில், பெய்ஸ்லி முதலமைச்சரானார். சம அதிகாரம் கொண்ட துணை முதலமைச்சராக, 1972இல் டெரி நகர ஐ.ஆர்.ஏ.யில் இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸ் பதவியேற்றார்.

பெய்ஸ்லிக்குப் பின்னாலும் கூவ ஆள் முளைக்காமல் இல்லை. கட்சியின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் அலிஸ்டர் விலகிப் புதுக் கட்சி தொடங்கினார். 2011 தேர்தலில் அதற்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். பெய்ஸ்லியைத் துரோகி என்று சொன்னால் கேட்டுக்கொள்ள அவ்வளவு பேர்தான் இருந்தார்கள்.

மெக்கின்னஸ் பக்கத்திலும் இதே கணக்குதான். 2009 மார்ச்சில் பிரிந்துபோன ஐ.ஆர்.ஏ. குழுக்கள் இரண்டு ராணுவ வீரர்களையும் ஒரு காவலரையும் கொன்றபோது, அவர் காவல்துறைத் தலைவரின் அருகில் நின்று, கொன்றவர்களை அயர்லாந்துத் தீவுக்கே துரோகிகள் என்றார். மிதவாதக் கத்தோலிக்கத் தலைவர் ஜான் ஹியூம் வாழ்நாள் முழுவதும் வன்முறையைக் கண்டித்தவர். அவர் இதைச் சொல்லியிருந்தால் குடியரசுவாதக் குடும்பங்களில் யாரும் தலை நிமிர்ந்திருக்க மாட்டார்கள். பழைய தளபதி சொன்னதால் அங்கே அது எடுபட்டது.

இஸ்ரேலின் கடும்போக்குப் பிரதமர் மெனாகெம் பெகினிடம் இதன் இன்னொரு பக்கம் தெரிகிறது. 1978 செப்டம்பரில் எகிப்தோடு அவர் கண்ட கேம்ப் டேவிட் உடன்பாடு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவு 84, எதிர்ப்பு 19, வாக்களிக்காமல் விலகி நின்றவர்கள் 17. அவருடைய சொந்தக் கட்சியினர் பலர் எதிர்த்தார்கள் அல்லது விலகி நின்றார்கள். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் வாக்குகள் அவரைத் தாங்கின. கடும்போக்காளர் சமாதானத்துக்கு வந்தால் மிதவாதிகள் அவரைக் கைவிடுவதில்லை. மிதவாதி வந்தால் கடும்போக்காளர்கள் இந்த உதவியைச் செய்வதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு எனக்கும் கசக்கத்தான் செய்கிறது.

பண்டாரநாயக்க விஷயத்தில் நீங்கள் கேட்டது கூர்மையான கேள்வி. 1957 ஜூலையில் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு அவர் செய்த ஒப்பந்தம் பிராந்திய சபைகளுக்கும், வடகிழக்கில் தமிழ் நிர்வாகத்துக்கும் வழி திறந்தது. ஆனால் அவருடைய கடும்போக்கு கடன் வாங்கியது. அதன் உரிமை 1956இல் ஊர் ஊராகப் பிரசாரம் செய்து அவரை ஆட்சியில் அமர்த்திய பிக்குகளிடம் இருந்தது. போதாததற்கு எதிர்க்கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன, ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். முன்பு மிதமாக இருந்த கட்சியே ஏலத்தில் இறங்கிவிட்டது. 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பண்டாரநாயக்கவின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் கைவிடப்பட்டதென்று அவர் எழுதிக் கொடுத்த பிறகே எழுந்தார்கள். பெய்ஸ்லிக்கு அப்படி ஒரு முற்றுகை நடத்தக்கூடிய மத அதிகாரம் வேறெங்கும் பெரிதாக இல்லை. 1951இல் சொந்தமாகத் திருச்சபை தொடங்கி அதன் தலைவராக இருந்தவர் அவரே. அந்தத் திருச்சபையே மனம் கசந்து, 2008 ஜனவரியில் அவர் தலைமையிலிருந்து விலக நேர்ந்தது. ஆனால் அதற்குள் ஆட்சி அமைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

இனி பெருமை யாருக்கு என்ற கேள்வி. பெய்ஸ்லி 2007இல் ஏற்றது, 1974இல் அவர் கவிழ்க்க உதவியதிலிருந்து அடிப்படையில் வேறுபட்டதல்ல. புனித வெள்ளி ஒப்பந்தத்தை "மெதுவாகக் கற்பவர்களுக்கான சன்னிங்டேல்" என்று ஹியூமின் கட்சியைச் சேர்ந்த ஷேமஸ் மாலன் சொன்னதில் எவ்வளவு ஆற்றாமை இருந்திருக்கும்! சன்னிங்டேல் கவிழ்ந்த பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பெய்ஸ்லி மட்டும் பொறுப்பல்லர், ஐ.ஆர்.ஏ.யும் அன்று அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. என்றாலும் அந்த ஆண்டுகளை அவர் கணக்கிலிருந்து நீக்கிவிட முடியாது. மேசைக்கு அவர் வரவேண்டியிருந்தது, வந்ததும் நல்லது. மேசையைச் செய்தவர்கள் வேறு. கூட்டாட்சி விதிகளையும் தெற்கோடு இணைக்கும் அமைப்புகளையும் பேசி வடித்தவர்கள் அவர்கள். பெய்ஸ்லியின் கட்சியோ ஷின் ஃபெயின் உள்ளே வந்ததும் அந்தப் பேச்சிலிருந்து வெளியேறியிருந்தது. மிதவாதிகள் அந்த வரைவை எழுதி வைக்காமல் இருந்திருந்தால், 2007இல் பெய்ஸ்லி மனம் மாறியிருந்தாலும் கையெழுத்திடக் காகிதம் இருந்திருக்காது.

உங்கள் மாணவர்களிடம் பெய்ஸ்லியைச் சமாதானத் தூதராக அறிமுகப்படுத்த வேண்டாம். ஹியூமும் ட்ரிம்பிளும் 1998இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதைச் சொல்லும்போது, 2005 தேர்தலில் ட்ரிம்பிள் தம் நாடாளுமன்ற இடத்தையே பெய்ஸ்லியின் கட்சியிடம் இழந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.